பத்தாயிரத்து ஏழு புளியங்கொட்டைகள்

ஜீப்பிலிருந்து எங்கள் பெட்டி படுக்கை இறங்குவதற்கு முன்பே வேடியப்பன் எங்களைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். ஆடு இல்லை, மாடு இல்லை, நாங்கள் இரண்டே பேர். எங்களைப் பார்த்து அந்த மனிதர், "ஏன் சார், உங்களுக்கு வேற ஊரே கெடைக்கலியா? முப்பத்தாறு வூடு, லட்சணமா இருந்திச்சி. இப்போ வந்து முப்பத்தேழு ஆக்கிட்டீங்களே" என்றார். என் வீட்டுக்காரர் பிலிப்ராஜ் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மணி நேரம் மலைப்பாதையில் குலுங்கி வந்தவளிடம் வந்து கணக்குப் பேசினால் எப்படி இருக்கும்?

அது எழுபத்தெட்டாம் வருடம். கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரரைப் புதூர்நாடு என்ற மலைப்பகுதியில் ஒரு சின்ன ஊரின் ஆரம்பப் பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். நாங்கள் கத்தோலிக்கர்கள். மலை என்றால் எனக்குக் கிறிஸ்துமஸ் குடிலில் காகிதத்தைக் கசக்கி வைப்பார்களே, அது ஒன்றுதான் தெரியும். ஊர்க்கவுண்டர் முனிசாமி நல்ல மனிதர். எங்களுக்கு வீட்டைக் காட்டிவிட்டு, "அடுப்பு எரிஞ்சா அது ஒரு வூடு. சாதி, சாமி எதுவா இருந்தா இன்னா? உங்களுக்கும் கூறு உண்டு தெரசம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். வேடியப்பனின் வயிற்றெரிச்சலுக்குக் காரணமே அந்தக் கூறுதான்.

அந்த ஊரில் சித்திரைக் கடைசியில் சாமிக்கு இரண்டு கிடா வெட்டுவார்கள். கறியை விற்பது கிடையாது. கோயில் பாறைமேல் தேக்கிலைகளைப் பரப்பி, வீட்டுக்கு ஒரு கூறு என்று பிரித்து வைப்பார்கள். ஒரு கூறுக்கும் இன்னொரு கூறுக்கும் சுண்டுவிரல் அளவு வித்தியாசம் இருந்தாலும் அடுத்த சித்திரை வரை சண்டை நடக்கும். அதனால் கூறு போடும் கத்தி ஊரில் ஒரே ஒருவரிடம்தான் இருக்கும். பதினெட்டு வருடமாக அது வேடியப்பனிடம் இருந்தது.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. மீசை மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கும். பள்ளிக்கூடம் போனதே இல்லை, ஆனால் பிரிப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. முதலில் கறியை ஆறு குவியலாகப் போடுவார். பிறகு ஒவ்வொரு குவியலையும் ஆறாகப் பிரிப்பார். ஆறாறு முப்பத்தாறு. காக்கை வந்து சேருவதற்குள் வேலை முடிந்துவிடும். இதனால் அவருக்கு உலகமே பிரியும் எண், பிரியாத எண் என்று இரண்டு சாதியாகத் தெரிந்தது. நான்கு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டதற்குக்கூட, "அஞ்சாவது ஒண்ணு பொறந்தா பலாச்சுளைய எப்படிங்க பிரிக்கறது?" என்றுதான் காரணம் சொல்வார். சந்தைக்குப் போகும் ஜீப்பில் பதிமூன்று பேர் ஏறிவிட்டால் இவர் இறங்கி நடப்பார். எண்பத்து நான்கில் நாங்கள் மலையை விட்டு இறங்கும்வரை அந்தப் பழக்கம் மாறவில்லை. அவர் மனைவி ராணியம்மாள் என்னிடம் ஒருநாள், "வூட்டுல தோசை சுட்டா நான் எண்ணிச் சுடணும் டீச்சரம்மா. ஒண்ணு அதிகமாப் போச்சின்னா அன்னிக்கி முழுக்க அதையே பாத்துக்கினு ஒக்காந்திருப்பாரு" என்றார். நான் டீச்சர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவருக்கு முப்பத்தேழு வந்தால் என்ன ஆகும்? ஆறிலும் அடங்கவில்லை, ஐந்திலும் அடங்கவில்லை. ஏழு வரிசை போட்டால் இரண்டு மிச்சம். தை முழுக்க மனிதர் எங்கள் வீட்டு வாசலில் கூழாங்கல்லை அடுக்கிக் கலைத்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அண்ணே, முப்பத்தேழு பிரியாது. அதுக்குப் பேரே பகா எண். ஒண்ணால பிரியும், தன்னால பிரியும், வேற எதாலயும் பிரியாது" என்றார்.

வேடியப்பன் ஒரு கூழாங்கல்லை எடுத்து உருட்டினார். "சின்ன எண்ணுதானே சார், அதான் முரண்டு பண்ணுது. முப்பத்தேழுக்குள்ள எத்தினி எண்ணு கீது, அதப் பிரிக்கறதுக்கு? பெரிய எண்ணுன்னா அப்படி இருக்க முடியாது. பெரிய பலாப்பழம் மாதிரி, எந்தப் பக்கமாவது ஒரு வெடிப்பு இருக்கும். அதுல வெரல வுட்டா பொளந்துக்கும்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் யாராவது கேட்டால் எனக்கு அதுதான் நியாயம் என்று தோன்றும். ஆனால் என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. கூரை ஒழுகுகிறது என்று நான் நாலு தடவை சொன்னாலும் காதில் ஏறாது, வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் இந்தப் பிரியாத எண்களை வரிசையாக எழுதி வைப்பார். அந்தப் பட்டியலில் கடைசியாக எழுதியிருந்ததை எடுத்து நீட்டினார்.

"பத்தாயிரத்து ஏழு. இத்தப் பிரிச்சிக் காட்டுங்க பாக்கலாம்."

ஊர்க்கவுண்டரும் நாலு பேரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். வேடியப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கெடா வெட்டறதுக்குள்ள பிரிச்சிக் காட்டறேன். காட்டலைன்னா கூறு கத்திய என் மச்சான் கோபால்சாமி கையில குடுத்துடறேன். நான் கைகட்டி ஒக்காந்து கறி வாங்கிக்கறேன்" என்றார். கோபால்சாமி, ராணியம்மாளின் தம்பி, பல வருடமாக அந்தக் கத்திமேல் கண் வைத்திருந்தவர். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

"நான் காயிதத்துல போட்டுக் காட்டிடறேனே அண்ணே, ஒரு பக்கம்கூட ஆகாது" என்று என் வீட்டுக்காரர் இறங்கி வந்தார்.

"காயிதத்துல எது வேணா நடக்கும் சார். கண்ணால பாக்கணும்."

புளி தட்டும் காலம் அது. ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டையை மூட்டை மூட்டையாகக் குவித்திருந்தார்கள். கொட்டைக்குப் பஞ்சமில்லை. கோயில் பாறைமேல் வேடியப்பன் நூறு நூறாக நூறு குவியல் வைத்தார். எண்ணிக் கொடுத்தது அவருடைய அக்கா மணியம்மாள். அவர் புருஷன் செத்துப் பதினைந்து வருடம். தம்பி வீட்டுக்குப் பின்னால் ஒரு குடிசையில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார். கொட்டை எண்ணுவதில் கெட்டிக்காரர். பேசிக்கொண்டே, சண்டை போட்டுக்கொண்டே, கையை விட்டால் சரியாக ஐந்து கொட்டைதான் வரும். கடைசியில் என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஏழு கொட்டையை எடுத்து ஓரமாக வைத்தார்.

வேடியப்பன் அந்த ஏழு கொட்டையையும் வெறுப்பாகப் பார்த்தார். "பத்தாயிரம் எவ்ளோ தங்கமான எண்ணு. ரெண்டுல போகும், அஞ்சில போகும், எட்டுல போகும், இருவத்தஞ்சில போகும். இந்த ஏழு வந்து சேந்து கெடுத்துடுச்சி. சகவாச தோஷம்" என்றார். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

முதலில் இரண்டாகப் பிரித்தார். ஒன்று மிச்சம். மூன்றாகப் பிரித்தார். இரண்டு மிச்சம். நான்கைத் தொடவே இல்லை. "ரெண்டா பொளக்காதது நாலா எப்படிங்க பொளக்கும்?" என்று கேட்டார். அதேபோல ஆறு, எட்டு, ஒன்பது எல்லாவற்றையும் தானாகவே தள்ளிவிட்டார். என் வீட்டுக்காரர் அன்று இரவு சாப்பிடவே இல்லை. "தெரசா, அந்த ஆளு ஸ்கூலுக்கே போனதில்ல. அஞ்சாம் வகுப்புல நான் தலைகீழா நின்னாலும் ஒருத்தனுக்கும் இது ஏறல" என்று புலம்பினார். நான் அவருடைய சோற்றையும் சாப்பிட்டேன்.

ஏழில் நான்கு மிச்சம். பதினொன்றில் எட்டு மிச்சம். ஒவ்வொரு எண்ணுக்கும் அரை நாள் ஆகும், வாரத்துக்கு மூன்று எண் முடிந்தால் அதிகம். வரிசைக்கு இத்தனை என்று கொட்டையை அடுக்கிக்கொண்டே போவார், கடைசி வரிசை நிறையாது. காட்டு வேலை, சாமை வயல், எல்லாம் ராணியம்மாள் தலையில். ஊரே பாறையைச் சுற்றி உட்கார்ந்து யோசனை சொன்னது. கொட்டையைத் தண்ணீரில் ஊற வைத்துப் பார் என்றார் ஒருவர். கோயில் பக்கம் பார்த்து அடுக்காதே, சாமிக்கு ஆகாது என்றார் இன்னொருவர். இருபத்து மூன்றில் இரண்டே இரண்டு கொட்டை மிஞ்சியபோது ஊர் முழுக்க "த்ச்சோ" கொட்டியது. இருபத்தொன்பதிலும் அதே இரண்டு மிஞ்சியது. "அதே ரெண்டு பேருதான்டா இது, எங்கிட்டயே வெளையாடறானுங்க" என்று வேடியப்பன் அந்த இரண்டு கொட்டையையும் தனியாக எடுத்து வைத்துத் திட்டினார். நாற்பத்தொன்றில் மூன்று மிஞ்சியது. ஜீப்காரர் இந்தச் செய்தியைத் திருப்பத்தூர் வரை கொண்டுபோய், அங்கே டீக்கடையில் யாரோ இரண்டு பேர் பந்தயம் கட்டியிருப்பதாக வந்து சொன்னார்.

எண்பத்தொன்பது அடுக்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு வெள்ளாடு வந்து வரிசையில் கால் வைத்தது. அதை விரட்டப் பாறையின் பக்கவாட்டுக்கு ஓடிய வேடியப்பன் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், இங்க வாங்க" என்றார். "அங்கேர்ந்து பாத்தா வரிசைக்கு எம்பத்தொம்போது கொட்டை. இங்கேர்ந்து பாத்தா வரிசைக்கு நூத்திப் பன்னண்டு. ஒரே அடுக்குதான். அப்படின்னா நூத்துக்கு மேல எந்த எண்ணுல அது பிரிஞ்சாலும், இந்தப் பக்கம் வந்து நின்னா நூறோ அதுக்குக் கொறைவோதான இருக்கும்? அந்தச் சின்ன எண்ணை எல்லாம் நான் ஏற்கெனவே போட்டுப் பாத்தாச்சே! நூறு வரைக்கும் போட்டாப் போதும் சார்!"

கண்டுபிடித்த சந்தோஷத்தில் கத்திவிட்டார். கத்தி முடித்த பிறகுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே உறைத்தது. நூறுக்குள் இனிமேல் ஒரே ஒரு எண்தான் பாக்கி, தொண்ணூற்றேழு. திருவிழாவுக்கு மூன்று நாள் இருந்தது. அன்று சாயந்திரம் தொண்ணூற்றேழை அடுக்கினார். பதினாறு மிஞ்சியது. கோபால்சாமி எழுந்துபோய் சாணைக்கல் இருக்கிறதா என்று யாரிடமோ கேட்டார். ஊர்க்கவுண்டர் சூழ்நிலையை மாற்றுவதற்காக, வாங்கப்பா தாயம் ஆடலாம் என்று பாறை ஓரமாகக் கட்டம் கிழித்தார்.

மறுநாள் விடிந்ததும் வேடியப்பன் பாறைக்குப் போனார். வேறு எந்த எண்ணும் பாக்கி இல்லாததால், மனசு கேட்காமல் மறுபடி இரண்டிலிருந்து ஆரம்பித்தார். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. வெயில் ஏறும் வரை போட்டார். கடைசிக் கொட்டை அந்தப் பக்கம் விழுந்தது. மிச்சம் எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் ஐயாயிரத்து மூன்று.

அவர் போட்ட சத்தத்தில் நான் உலையைக் கவிழ்த்துவிட்டேன். ஊர் ஓடியது. பறை வந்தது. "ரெண்டு மாசம் வெயில்ல காஞ்சதுல எளகிடுச்சிங்க! முத்துன எண்ணு, காயக் காயத்தான் வுட்டுக் குடுக்கும்!" என்று வேடியப்பன் விளக்கம் சொல்லிக்கொண்டே ஆடினார். ஊரும் ஆமாம் ஆமாம் என்றது. புளி காய்கிறது, சாமை காய்கிறது, எண் காயக்கூடாதா? என் வீட்டுக்காரர் பதிவேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, தலையைச் சொறிந்து, கடைசியில் கையைக் கொடுத்தார். அன்றைக்கு முழுக்க அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

அதற்கு அடுத்த நாள் காலை எங்கள் தீப்பெட்டி நமத்துப்போய், நெருப்பு வாங்க மணியம்மாள் குடிசைக்குப் போயிருந்தேன். அப்போது வேடியப்பன் கை நிறைய வெல்லத்தோடு உள்ளே வந்தார். "அக்கா, வாயத் தொற. கத்தி நம்மகிட்டயே தங்கிடுச்சி."

மணியம்மாள் வாயைத் திறந்தார், ஆனால் வெல்லத்துக்கு இல்லை. "டேய் வேடியா, தொண்ணூத்தேழு போட்டமே அன்னிக்கி, தாயம் ஆடறப்போ கவுண்டருக்கு உருட்டற கொட்டை ஒண்ணு காணாமப் போச்சி. உன் குமியல்லேர்ந்து ஒண்ண எடுத்துப் பாறையில ஒரு பக்கம் வெள்ளையாத் தேச்சிக்கினு இருந்தாரு. அப்போ எனக்கு ஒண்ணியும் தோணல. நேத்து பறை அடிக்கறப்போதான் தோணிச்சி."

வேடியப்பன் கையிலிருந்த வெல்லத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஒண்ணே ஒண்ணுதானே அக்கா. பத்தாயிரத்துல ஒண்ணு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

"ஒண்ண ஒளிச்சிட்டா எந்த எண்ணும் உன் பேச்சைக் கேக்கும்டா." மணியம்மாள் அடுப்பைக் கிளறிக்கொண்டே சொன்னார். "முப்பத்தாறு எப்படிடா வந்திச்சி? இந்த அடுப்பு பதினஞ்சி வருசமா எரியுது. ஊருல எல்லா அடுப்பையும் எண்ணுன. இதுமட்டும் உன் கண்ணுல படலியா?"

"உனக்குத்தான் என் கூறுலேர்ந்து குடுத்தனுப்பறேனே அக்கா."

"குடுத்தனுப்பற. நான் அதையா கேட்டேன்?"

வேடியப்பன் வந்த வழியே போய்விட்டார். வெல்லம் கையிலேயே உருகி வடிந்துகொண்டிருந்தது. எனக்கு நெருப்புக் கேட்கவே கூச்சமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. நான் ஒரு விஷயத்தை ஒரு நாள் முழுக்க வாய்க்குள் வைத்திருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். சொன்னால் என் வீட்டுக்காரர் ஜெயித்துவிடுவார், ஆனால் அது வேடியப்பன் சொல்ல வேண்டிய விஷயம். அவர் சொல்வார் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை.

திருவிழா அன்று இரண்டு கிடாவும் விழுந்தன. தேக்கிலை பரப்பியாகிவிட்டது. வேடியப்பன் குளித்து, துண்டைத் தலையில் கட்டி, கத்தியோடு பாறைமேல் ஏறினார். எல்லோரும் பாத்திரமும் இலையுமாகக் காத்திருந்தோம். அவர் வெட்டவில்லை. "கவுண்டரே, உங்க தாயக்கொட்டைய எடுங்க" என்றார்.

முனிசாமி இடுப்பிலிருந்து நான்கு கொட்டையை எடுத்துக் காட்டினார். மூன்று பழசு, கறுத்துப்போனவை. ஒன்றின் வெள்ளை இன்னும் புதுசாக இருந்தது.

"இது எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"தோ, உன் குமியல்லேர்ந்துதான். பத்தாயிரம் கெடக்குதே, ஒண்ணு எடுத்தா இன்னா கொறைஞ்சா பூடும்?" என்றார் ஊர்க்கவுண்டர், பந்தயத்துக்கே சாட்சியாக நின்றவர்.

என் வீட்டுக்காரர், "பத்தாயிரத்து ஆறு! அய்யோ, ஆறு! ரெட்டை எண்ணு!" என்று குதித்தார். முன்னால் நின்றவருடைய காலை மிதித்துவிட்டார். ஊர் சிரித்த சிரிப்பில் ஊர்க்கவுண்டர் அந்தக் கொட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டார்.

வேடியப்பன் சிரிக்கவில்லை. கத்தியைத் திருப்பி, பிடிப் பக்கமாகக் கோபால்சாமியிடம் நீட்டினார். "எண்ணு எளகல மச்சான். நான்தான் தோத்தேன். புடி." பதினெட்டு வருடம் சின்ன விஷயமா? அந்த மனிதரை எனக்கு முதல்முதலாக மனசாரப் பிடித்துப்போனது அப்போதுதான்.

கோபால்சாமி கத்தியை வாங்கியதும், "முப்பத்தேழு இலைதானே மாமா?" என்றார்.

"இல்ல. முப்பத்தெட்டு" என்றார் வேடியப்பன். "எங்க அக்கா அடுப்பு ஒண்ணு கீது. பதினஞ்சி வருசமா நான் அத்த எண்ணல. முப்பத்தாறு அழகா இருந்திச்சி, ஆறாறாப் போச்சி, அதுக்காவ வுட்டுட்டேன். வாத்தியார் வர்றதுக்கு முன்னாடியே இந்த ஊரு முப்பத்தேழுதான்." சொல்லிவிட்டுப் போய் எல்லோருடனும் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

கோபால்சாமிக்குக் கத்தி கிடைத்ததே தவிர கை வரவில்லை. கறியை இரண்டாகப் பிரித்தார், அதுவரை சரி. பிறகு ஒவ்வொரு பாதியையும் பார்த்துக்கொண்டு நின்றார். "மாமா, பத்தொம்போத எப்படி மாமா பிரிக்கறது?"

"பிரியாது மச்சான். ஒண்ணொண்ணா வெச்சிக்கினே போ." வேடியப்பன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டிருந்தார், எழுந்துபோய்ப் பிடுங்கிவிடாமல் இருப்பதற்கு. உச்சி வெயில் வந்துவிட்டது. காக்கைகள் நாலு துண்டைத் தூக்கிப்போயின. பசியில் நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவழியாக முப்பத்தெட்டு இலையும் நிறைந்து, கோபால்சாமி வீட்டுப் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். முப்பத்தேழாவதாக, "வாத்தியார் வூடு" என்றபோது நான் ஓடிப்போய் வாங்கினேன். கடைசியாக, "மணியம்மா வூடு" என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. மணியம்மாளும் மற்றவர்களோடு சேர்ந்து, யார் அது இன்னும் வரவில்லை என்று திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, உன்னத்தான்" என்றார் வேடியப்பன்.

மணியம்மாள் பாத்திரம் கொண்டுவரவில்லை. தேக்கிலையோடு அப்படியே இரண்டு கையிலும் ஏந்தி வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இலையைப் பிரித்து, விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். எலும்பு, தொடைக்கறி, கொழுப்பு, குடல், எல்லாவற்றுக்கும் அடியில் நகத்தளவு ஒரு துண்டு ஈரல். அதை எடுத்து வெயிலில் காட்டினார்.

"டேய் வேடியா," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "கூறுல ஈரல்கூட வெப்பாங்களாடா?"

வேடியப்பன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார்.